388-ஆம் வில்லையில் ஒட்டியிருந்த குங்குமம்

1. சுத்தியல் கைக்கு வந்த நாள்

ஒரு சுத்தியல், ஒரு மரக்கட்டை, தடித்த ரெஜிஸ்தர் ஒன்று, எண் குத்தும் இரும்பு அச்சுகள் ஒரு டப்பா. முதல் நாள் நான் வேலைக்குப் போய் நின்றபோது போலீஸ் சார்ஜன் யூசோப் இவற்றை மேசைமேல் வரிசையாக வைத்து, "இனிமே இதுதான் உன் துப்பாக்கி" என்றார்.

டப்பாவைத் திறந்து எண்ணினேன். ஒன்பது அச்சுதான் இருந்தது. "துவான், பூஜ்யத்தோட சேத்து பத்து இருக்கணுமே, ஒண்ணு குறையுது" என்றேன். மலாயில் துவான் என்றால் ஐயா.

"ஆறத் தலைகீழா புடிச்சா ஒன்பதுலா. அரசாங்கம் ஒன்ன விட கெட்டிக்காரன்" என்றார். யூசோப் மலாய்க்காரர். தோட்டத்துப் பக்கம் பிறந்து வளர்ந்ததால் நம் பேச்சு அவருக்குச் சரளமாக வரும், வாலில் மட்டும் மலாய் 'லா' ஒட்டிக்கொள்ளும்.

எங்கள் போலீஸ் ஸ்டேஷன் எந்த ஊரில் இருந்தது என்பதைச் சொல்லாமல் விடுகிறேன். அங்கே இருந்தவர்களின் பிள்ளைகள் இன்றும் ஜொகூரில் இருக்கிறார்கள். லாயாங் லாயாங் ரயில் நிலையத்துக்குச் சைக்கிளில் போய் வரும் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காலத்தில் சைக்கிள் என்பது இன்றைய கார் மாதிரி. சிங்கப்பூருக்குக் கடல்மேல் பாலம் போட்ட பிறகு ரயில் ஓடியது, கார் ஓடியது, சைக்கிளும் ஓடியது. சில சைக்கிள்கள் சொந்தக்காரன் இல்லாமலே ஓடின. காலையில் நம் ஊர்க் கடைவாசலில் காணாமல் போன வண்டி, இரண்டு நாளில் வேறு நிறத்தில் அக்கரையில் நிற்கும். இதைத் தடுக்கத்தான் எங்கள் பக்கத்தில் நம்பர் போடும் ஏற்பாடு வந்தது.

ஏற்பாடு எளிமையானது. சீட்டுக்குக் கீழே பிரேமில் ஒரு நம்பர் குத்துவோம். அதே நம்பரை ஒரு பித்தளை வில்லையில் குத்தி, முன் மட்கார்டில் ஒரு திருகாணி போட்டு மாட்டுவோம். சொந்தக்காரர் கையில் அதே நம்பர் எழுதிய சீட்டு. வண்டி காணோம் என்று யாராவது வந்தால் அந்த நம்பரை மற்ற ஸ்டேஷன்களுக்கு டெலிபோனில் சொல்வோம். சாலையில் நிற்கும் மாத்தா-மாத்தா, அதாவது போலீஸ்காரர், வருகிற வண்டிகளின் வில்லையைப் பார்ப்பார். பட்டியலில் இருக்கிற நம்பர் வந்தால் பிடிப்பார்.

நான் அதற்கு முன் சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவன். பள்ளிக்கூடம் போனதில்லை. டயர் ஓரத்தில் இருக்கும் அளவைப் பார்த்துத்தான் இங்கிலீஷ் எண் படித்தேன். அதுவே போதும் என்று எடுத்துக்கொண்டார்கள்.

2. வந்தவர்கள் சொன்னவை

சம்பளத்தைவிட எனக்குப் பிடித்தது, நம்பர் போட வருகிறவர்களின் பேச்சு. கம்பத்திலிருந்து, அதாவது மலாய்க் கிராமத்திலிருந்து, வந்த ஒரு பெரியவர் நான் சுத்தியலை ஓங்கியதும் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆட்டுக்குக் காதுல ஓட்டை போடுவோம். அதுக்கு வலிக்கும், ஞாபகம் வச்சிக்கும். இதுக்கு வலிக்காதே, எப்படி ஞாபகம் வச்சிக்கும்?" என்று கேட்டார். நான் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு முதல் எண்ணைக் குத்தினேன்.

காய்கறித் தோட்டம் வைத்திருந்த சீனர் ஒருவர், அவர்கள் பேச்சில் நாலு என்பது சாவு மாதிரி ஒலிக்கும் என்பதால், நம்பரில் நாலு வந்தால் வேண்டவே வேண்டாம் என்று மூன்று தடவை வரிசையின் கடைசிக்குப் போய் நின்றார். நம் கங்காணி ஒருவருக்குக் கூட்டினால் ஒன்பது வரவேண்டும். ஒரு கல்யாண மாப்பிள்ளை, "பொண்ணு வீட்டுல குடுத்த வண்டிங்க, நம்பர் போட்டுட்டா அப்புறம் திருப்பிக் கேக்க மாட்டாங்கல்ல?" என்று ரகசியமாகக் கேட்டான்.

எல்லாருக்கும் நான் சொன்னது ஒன்றுதான். "நம்பர் பொய் சொல்லாது." இது சார்ஜன் யூசோப் அடிக்கடி சொல்கிற வார்த்தை. எனக்குப் பிடித்துப்போய் நானும் சொல்ல ஆரம்பித்தேன்.

3. பெரட்டுக்களத்தில் நான் செய்த அறிவிப்பு

ஆனைப்பள்ளம் என்று நம் ஆட்கள் கூப்பிட்ட ஒரு ரப்பர் தோட்டம் எங்கள் எல்லைக்குள் இருந்தது. அங்கே மொத்தம் ஐந்து சைக்கிள். ஆபீஸில் கணக்கெழுதும் கிராணிக்கு ஒன்று, மருந்து கொடுக்கும் டிரெசருக்கு ஒன்று, பெரிய கங்காணிக்கு ஒன்று, கள்ளுக்கடைக்காரருக்கு ஒன்று. ஐந்தாவது தபால் சவரிமுத்துவுடையது. சவரிமுத்து தினமும் ஊருக்கு வந்து, தோட்டத்து ஆட்களின் கடிதத்தைத் தபாலில் சேர்த்து, தோட்டத்துத் தபால் பையை வாங்கிப் போகிறவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர், ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர்.

கிராணியின் வண்டிக்கு 388. சவரிமுத்துவின் வண்டிக்கு 412. இரண்டையும் நானே குத்தினேன்.

மழைக்காலம் வந்ததும் தோட்டத்துச் செம்மண் எல்லா வில்லையையும் மூடிவிட்டது. நம்பரே தெரியாமல் வண்டிகள் வருகின்றன என்று சார்ஜன் சத்தம் போட்டார். நான் ஒரு விடியற்காலையில் ஆனைப்பள்ளத்துக்குப் போனேன். பால் வெட்டப் போகுமுன் ஆட்கள் பேர் கொடுக்கக் கூடும் பெரட்டுக்களத்தில் நின்று உரக்கச் சொன்னேன்.

"வில்லையில அழுக்கு இருந்தா நம்பர் தெரியாது. தெரியலன்னா மாத்தா புடிப்பாரு, கோர்ட்டுக்கு வரச்சொல்லி சமன் வரும். வில்லை கண்ணாடி மாதிரி இருக்கணும்."

கூட்டத்தில் ஒருவர், "எங்க மூஞ்சியே அப்படி இல்லியே, அதுக்கும் சமன் வருமா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, சொன்ன வேலையைச் செய்து முடித்த திருப்தியோடு திரும்பினேன்.

4. தபால்காரர் அகப்பட்டது

ஆயுத பூசை முடிந்து ஒரு வாரம் இருக்கும். ஆனைப்பள்ளம் கிராணி வியர்க்க விறுவிறுக்க ஸ்டேஷனுக்கு நடந்து வந்தார். மைத்துனரை ரயிலேற்ற லாயாங் லாயாங் போயிருக்கிறார். வேலியோரம் சைக்கிளைச் சாத்திவிட்டுப் பிளாட்பாரத்துக்குப் போய்த் திரும்பினால் வேலிதான் இருந்தது. சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்துக் கொடுத்தார். 388. சார்ஜன் உடனே டெலிபோன் கைப்பிடியைச் சுற்றி எல்லா ஸ்டேஷனுக்கும் சொன்னார்.

இரண்டாம் நாள் காலை, எங்கள் ஸ்டேஷன் வாசலிலேயே 388 வந்தது. ஓட்டி வந்தவர் சவரிமுத்து.

அவரை உள்ளே கொண்டுவந்தபோது தபால் பை இன்னும் தோளில் தொங்கியது. சீட்டுக்குக் கீழே பார்த்தேன். பிரேமில் 412 என்று என் கையால் குத்திய எண் இருந்தது. வண்டி அவருடையதுதான். வில்லை மட்டும் கிராணியுடையது.

"வில்லை எப்படி மாறுச்சு?" என்று சார்ஜன் கேட்டார்.

"தெரியலைங்க துவான்."

"வண்டிய யார்கிட்டயாவது குடுத்தியா?"

சவரிமுத்து ஒரு விநாடி தயங்கினார். "இல்லைங்க. யார்கிட்டயும் குடுத்ததே இல்ல."

அந்தத் தயக்கத்தைச் சார்ஜன் பார்த்துவிட்டார். நானும் பார்த்தேன். கிராணிக்கு ஆள் அனுப்பினோம். அவர் வந்து வில்லையைத் தொட்டுப் பார்த்தார். "என் வில்லை இவன் வண்டியில இருக்கு. வண்டிய வித்துட்டான், வில்லைய வச்சிக்கிட்டான். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?" என்றார்.

சவரிமுத்துவை உள்ளே வைத்தார்கள். மறுநாள் விட்டு அடுத்த நாள் கோர்ட்டில் நிறுத்துவதாக முடிவாயிற்று. கோர்ட்டுப் படி ஏறினால் தோட்டத்து லயத்து வீட்டைக் காலி செய்யவேண்டும் என்று தோட்டத் துரை சொல்லிவிட்டாராம். பிற்பகல் சவரிமுத்துவின் மனைவி ஆரோக்கியம் இரண்டு பிள்ளைகளோடு நடந்து வந்தாள். அழவில்லை. என்னிடம் ஒன்று சொன்னாள்.

"தம்பி, எங்க வீட்டுக்காரரு மத்தவங்க கடுதாசிய மோந்து பாத்ததுகூட இல்ல. தபால் பையத் திருடாதவரு, தகரத்தையா திருடப் போறாரு?"

அவள் போன பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. சார்ஜனிடம் போனேன். "துவான், ஒரு சந்தேகம். வண்டிய வித்தவன், மாட்டிவிடுற வில்லைய மட்டும் தன் வண்டியில மாட்டிக்கிட்டு, போலீஸ் ஸ்டேஷன் வாசல் வழியாவா வருவான்?"

"பொடோ திருடனும் உலகத்துல இருக்கான்லா" என்றார் சார்ஜன். மலாயில் பொடோ என்றால் முட்டாள். "நம்பர் பொய் சொல்லாது, நீயே சொல்லுவியே."

5. சிவப்பாக இருந்தது துரு இல்லை

அந்த வில்லையைக் கழற்றி மேசைமேல் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பளபளவென்று இருந்தது. நான் கொடுத்த நாளில்கூட அப்படி இல்லை. ஆனால் எட்டின் இரண்டு வளையத்துக்குள்ளும் சிவப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. ஓரத்தில் பழுப்பாக ஒரு காய்ந்த பிசுக்கு.

பக்கத்தில் இருந்த போலீஸ்காரர், "துரு" என்றார்.

இரும்புதான் அப்படிச் சிவப்பாகத் துருப்பிடிக்கும், பித்தளை பச்சை பூக்கும். சைக்கிள் கடையில் இருந்தவனுக்கு அது தெரியும். நகத்தால் சுரண்டி மோந்தேன். சிவப்பு, குங்குமம். பழுப்பு, புளி.

கம்பிக் கதவுக்கு அருகே போய் உட்கார்ந்தேன். "சவரி அண்ணே, நீங்க வேதக்காரர். உங்க வண்டி வில்லையில குங்குமம் எப்படி வந்துச்சு?"

அவர் முகம் மாறியது. சுற்றுமுற்றும் பார்த்தார். "தம்பி, ஃபாதர் காதுக்குப் போகாதுல்ல?"

"கோர்ட்டுக்குப் போறத விட ஃபாதர்கிட்ட போறது மேல்னு நினைக்கிறேன்."

அப்புறம்தான் விஷயம் வந்தது. ஆயுத பூசை அன்று தோட்டத்தில் பால் வாளி, உளி, கத்தி, தராசு எல்லாவற்றையும் அடுக்கிப் பூசை போடுவார்கள். சைக்கிளையும் நிறுத்துவார்கள். நாலு வண்டி நிற்கும்போது ஐந்தாவது மட்டும் தனியாக நிற்பானேன் என்று பக்கத்து வீட்டு முனியம்மா கேட்டிருக்கிறாள். சவரிமுத்துவும் முதல்நாள் சாயங்காலமே வண்டியைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு வந்துவிட்டார்.

"பூசைக்கு நான் நிக்கலை தம்பி. ஆனா என் பங்கு பொரியும் கடலையும் வாங்கித் தின்னேன். எங்க சாமி பாத்திருக்கும். அதான் யார்கிட்டயும் குடுக்கலைன்னு சொல்லிட்டேன்."

ஒரு கைப்பிடி பொரியை மறைக்கப் போய் மனிதர் ஜெயில் வரைக்கும் போகத் தயாராக இருந்தார்.

6. முனியம்மாவின் புளிச்சட்டி

சார்ஜனிடம் சொல்லிக்கொண்டு உடனே ஆனைப்பள்ளத்துக்கு மிதித்தேன். முனியம்மா வேலை முடிந்து வந்து பால் வாளியைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். சட்டென்று பேசுகிறவள். லயத்தில் யார் வீட்டு விளக்கானாலும் பூசைக்கு முன்னால் அவள் கையால் துலங்கவேண்டும்.

"அக்கா, பூசை அன்னைக்கு சைக்கிள் வில்லைய யாரு துலக்கினது?"

"நான்தான். ஏன், நல்லா இல்லியா?"

"வண்டியில இருக்கும்போதே தேய்ச்சீங்களா?"

அவள் என்னைப் பாவமாகப் பார்த்தாள். "வண்டியில வச்சி எப்படி தம்பி தேய்க்கிறது? மட்கார்டு பெயின்ட்டு போயிரும்ல. ஒத்தத் திருகாணிதானே போட்டிருக்கீங்க, கத்தி முனையால திருப்பினா கையோட வருது. அஞ்சையும் கழட்டி, குத்துவிளக்கோட ஒரே சட்டியில புளிய ஊத்தி ஊறப் போட்டேன். தேய்ச்சேன், கழுவினேன், பொட்டு வச்சேன், திரும்ப மாட்டினேன்."

"எது எந்த வண்டிக்குன்னு பாத்து மாட்டினீங்களா?"

"அஞ்சும் ஒரே மாதிரிதானே இருந்துச்சு. ஒரே அளவு, ஒரே வட்டம். வண்டிக்கு ஒண்ணு, கணக்கு சரியா வந்துச்சு. வளையல் கழட்டிப் போட்டா எந்தக் கைக்கு எதுன்னா பாப்பாங்க?"

அவளுக்கு எழுத்தும் தெரியாது, எண்ணும் தெரியாது. அவள் விடவில்லை.

"நீங்கதானே பெரட்டுல வந்து கத்துனீங்க, கண்ணாடி மாதிரி இருக்கணும்னு? இல்லாட்டி எனக்கென்ன, என் வீட்டு விளக்குக்கே புளி பத்தல."

அவள் சொன்னது சரி. அழுக்கு இருக்கக்கூடாது என்று சொன்னவன் நான். கழற்றக்கூடாது என்று சொல்லாதவனும் நான். கத்தி முனைக்குக் கழன்றுவரும் திருகாணியை மாட்டியதும் நான்தான்.

கங்காணி, டிரெசர், கள்ளுக்கடைக்காரர் மூவர் வண்டியையும் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தேன். கங்காணி வண்டியில் டிரெசர் வில்லை. டிரெசர் வண்டியில் கள்ளுக்கடை வில்லை. கள்ளுக்கடை வண்டியில் கங்காணி வில்லை. மூன்று பேரும் ஒரு வாரத்துக்கு மேல் அப்படியே ஓட்டியிருக்கிறார்கள். படித்த டிரெசர்கூடக் கவனிக்கவில்லை. "என் நெத்திய நான் எப்பப்பா பாத்தேன்" என்றார்.

அங்கேயே மண்ணில் குந்தி, குச்சியால் கோடு போட்டேன். வண்டி ஐந்து, வில்லை ஐந்து. இந்த மூன்றும் ஒன்றுக்குள் ஒன்று. கிராணியின் 388 சவரிமுத்து வண்டியில். அப்படியானால் மிச்சம் இருப்பது ஒரே வண்டி, ஒரே வில்லை. காணாமல் போன கிராணி வண்டியில் சவரிமுத்துவின் 412 மாட்டியிருக்கிறது. நாங்கள் நாடெல்லாம் 388-ஐத் தேடச் சொல்லிக்கொண்டிருந்தோம். திருடன் 412-ஐ மாட்டிக்கொண்டு எல்லார் கண்முன்னாலும் போய்க்கொண்டிருந்தான்.

7. டெலிபோனுக்கு இந்தப் பக்கம்

திரும்பி வரும் வழியெல்லாம் ஒரே யோசனை. வில்லை மாறியதற்குக் காரணம் என் அறிவிப்புதான் என்று சொன்னால் என் வேலை போகலாம். சொல்லாவிட்டால் ஐந்து வில்லையும் ஏன் மாறின என்பதற்குக் கதையே இல்லை. ஆரோக்கியம் வந்து நின்ற வாசலைப் பார்த்ததும் யோசனை முடிந்துவிட்டது. உள்ளே போய் ஒன்று விடாமல் சொன்னேன்.

சார்ஜன் யூசோப் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடித்ததும், "நம்பர் பொய் சொல்லல. திருகாணி சொல்லிருச்சு" என்றார். பிறகு டெலிபோன் பக்கம் போனார். "உன்ன அப்புறம் பாக்கறேன். மொதல்ல 412-ஐப் பாக்கலாம்."

மறுநாள் மதியம், தெற்கே பாலத்துக்குப் போகும் வழியில் இருந்த தம்போய் ஸ்டேஷனிலிருந்து பதில் வந்தது. ஒரு பட்டறை வாசலில் 412 நிற்கிறது, பக்கத்தில் ஆளும் நிற்கிறான். சீட்டுக்குக் கீழே பார்க்கச் சொன்னார் சார்ஜன். 388. அரத்தால் ராவ ஆரம்பித்திருந்தான், முதல் எண்ணான மூன்றில் பாதிதான் போயிருந்தது.

அந்த ஆள் சொன்னதாகப் பிற்பாடு கேட்டோம். "வழியில நாலு எடத்துல வில்லையப் பாத்தாங்க, போன்னுட்டாங்க. எனக்கே ஆச்சரியம். நல்ல நேரம்னு நினைச்சு வில்லையக் கழட்டாம வச்சிருந்தேன்."

சவரிமுத்து அன்று சாயங்காலமே வெளியே வந்தார். கோர்ட்டுப் படி ஏறவில்லை. ஆனால் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"தம்பி, நீங்க விட்டுட்டீங்க. லயத்துல விடுவாங்களா? ஊருல இருந்து வர்ற கடுதாசி, மணியாடர் எல்லாம் என் கையிலதான் வருது. திருட்டுப் பட்டம் வந்தவன் கையில யாரு வாங்குவாங்க? நீங்க எங்க கத்துனீங்களோ அங்கயே வந்து இதையும் கத்துங்க."

நியாயம் என்று பட்டது. இரண்டு நாள் கழித்து, தம்போயிலிருந்து வண்டி வந்து சேர்ந்ததும், பெரட்டுக்களத்தில் ஐந்து சைக்கிளையும் நிறுத்தினோம். சார்ஜனும் வந்தார். ஒவ்வொரு வில்லையாகக் கழற்றி, பிரேம் நம்பரைச் சத்தமாகப் படித்து, உரிய வண்டியில் வைத்தேன். இந்தத் தடவை திருகாணி இல்லை. ரிவெட் அடித்தேன். வில்லை மாறியது எப்படி என்பதையும், அதற்கு என் பேச்சுதான் காரணம் என்பதையும் சொன்னேன். முனியம்மா முன்வரிசையில் நின்று, "என் புளியையும் சொல்லுங்க" என்றாள்.

கடைசியாக 412. படித்து, அடித்து முடித்தேன். கிராணி ஆபீஸுக்குள் போய்த் தபால் பையை எடுத்துவந்தார். தானே சவரிமுத்துவின் கேரியரில் வைத்துக் கட்டினார்.

"வில்லையப் பாத்தேன் சவரி. உன்னப் பாக்கல" என்றார்.

"நானுந்தான் ஐயா. ஒரு வாரத்துக்கு மேல உங்க நம்பர மாட்டிக்கிட்டு சுத்தியிருக்கேன், பாக்கலியே" என்றார் சவரிமுத்து.

கங்காணி முதலில் சிரித்தார். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். கூட்டத்திலிருந்து ஒரு பெண் வந்து, மடியில் வைத்திருந்த கடிதத்தை அவர் கையில் கொடுத்தாள். "ரெண்டு நாளா வச்சிருந்தேன் அண்ணே, நீங்க வரட்டும்னு."

சார்ஜன் என்னைப் பிறகு பார்த்துக்கொள்வதாகச் சொன்னார் அல்லவா, பார்த்தார். எல்லா வண்டிக்கும் மறுபடி ரிவெட் அடிக்கச் சொன்னார். எல்லைக்குள் இருந்த அத்தனை வண்டிக்கும். கை காய்த்துப்போனது. அவர் கொடுத்த தண்டனை அவ்வளவுதான்.

திருட்டைத் தடுக்கும் வேலைக்கு வருகிற தம்பிகளுக்கு நான் சொல்வது இது. நாம் போடும் சட்டம், காகிதத்தில் பேர் இருக்கிறவரோடு நிற்பதில்லை. அவர் வீட்டில் யார் கைக்கு அது போய்ச் சேரும் என்று தெரிந்திருக்கவேண்டும். நான் அதற்குப் பிறகு இருபது வருஷத்துக்கு மேல் வில்லை கொடுத்தேன். சீட்டில் பேரும் ஊரும் எழுதி முடித்ததும் ஒரு கேள்வி கேட்பேன்: "உங்க வீட்டுல பித்தளை துலக்குறது யாரு?" சிலர் முறைப்பார்கள், சிலர் சிரிப்பார்கள். ஆளைச் சொன்னதும், "அவங்களையும் ஒரு நடை கூட்டிட்டு வாங்க" என்பேன்.